வைத்தியர் வந்தான்

மதியம் இரண்டு மணி தாண்டியிருக்கும். இரணியல் ரயில் நிலையத்தின் எதிரே இருக்கும் என் பெட்டிக்கடையில் அந்த நேரத்துக்கு ஆள் வராது. நாகர்கோவில் போகும் பாசஞ்சர் போய்விட்டது. மட்டிப்பழக் குலையில் ஈ மொய்க்காமலிருக்க ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. சென்னை எண்.

"சார், பத்திரிகையிலேருந்து பேசுறேன். பிழை திருத்துறவன்."

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவனுக்குப் பிழை திருத்துகிறவர் போன் செய்தால் எப்படி இருக்கும்?

"உங்க தொடர்ல பதினோராவது அத்தியாயம் சார். 'வைத்தியர் வந்தான்'னு இருக்கு. 'வைத்தியர் சிரித்தான்', 'வைத்தியர் விளக்கை எடுத்தான்'. ஒண்ணு ரெண்டு இடம்னா கைத்தவறுன்னு நானே மாத்திடுவேன். முழு அத்தியாயமும் அப்படியே இருக்கு. தப்பா, இல்ல வேணும்னே எழுதினதா?"

நான் அப்படி எழுதவில்லை. 'வந்தார்' என்றுதான் எழுதியிருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் நோட்டுக்கும் அந்தப் பத்திரிகைக்கும் நடுவில் இன்னொரு கை இருந்தது.

"வேணும்னுதான்" என்றேன்.

"பிரமாதம் சார்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெளிவில்லை. ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடியும் பிழிந்துகொண்டு நின்றேன்.

அட்டை இல்லாத புத்தகங்கள்

சில வாரங்களாக இந்தப் பக்கங்களைப் படித்து வருகிறவர்களுக்கு நான் பேய்க்கதை எழுதுகிறவன் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்தாளன் இல்லை. பேருந்தில் படித்துவிட்டு சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குவார்களே, அந்த மாதிரிக் கதைகள்.

எழுதக் கற்றுக்கொண்டது கடையில்தான். மாத நாவல்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவேன். விற்காததை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டாம். அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். புத்தகத்தின் உடம்பு என்னிடம் தங்கிவிடும். அதனால் நான் படித்த எதற்கும் பெயர் கிடையாது. யார் எழுதியது என்றும் தெரியாது. மழைக்காலத்தில் அந்தத் தாள்களில் ஒரு நமுத்த வாடை வரும். பாழடைந்த பங்களா என்று கதையில் வந்தால் எனக்கு அந்த வாடைதான் வரும்.

மனிதர்களோடு பேச எனக்குக் கூச்சம். சில்லறை கொடுக்கும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டேன். புத்தகத்தில் இருக்கும் பேய்களோடு அந்தக் கஷ்டம் இல்லை.

அந்தக் கதைகளில் ஒரு வசதி இருந்தது. ஆளை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஜமீன்தார் 'வந்தார்' என்றால் நல்லவர். கடைசி வரை உயிரோடு இருப்பார். 'வந்தான்' என்றால் கெட்டவன். அவனுக்கு ஒரு கிணறோ ஒரு தீயோ காத்திருக்கும். நல்லவருக்குள் ஆவி புகுந்துவிட்டால் 'வந்தது'. மந்திரவாதி ஓர் ஆணியை அடித்து ஆவியைப் பனையில் ஏற்றியதும் மறுபடியும் 'வந்தார்' ஆகிவிடுவார். நடுவில் அவர் செய்ததை யாரும் கேட்க மாட்டார்கள். செய்தது அவரில்லையே.

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஏன் பிடித்திருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என் தொடரும் அதே வழியில் போனதுதான். மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களா. முன்கட்டில் ஊருக்கே மருந்து கொடுக்கும் வைத்தியர். பின்கட்டில் பூட்டிய அறைக்குள் அவரோடு ஒன்றாகப் பிறந்த இரட்டைத் தம்பி. முன்கட்டில் இருந்தவர் 'அவர்'. பின்கட்டில் இருந்தவன் 'அவன்'. ரகரமும் றகரமும் எனக்குக் குழம்பும், லகரமும் ளகரமும் குழம்பும். ழகரம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பேச்சிலேயே சுத்தமாக வருவதால் அதில் மட்டும் தவறியதில்லை. ஆனால் இந்த 'அவர்', 'அவன்' விஷயத்தில் எனக்குத் தவறவே தவறாது.

அண்ணன்

அப்பா சாகும்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அண்ணனுக்கு என்னைவிடப் பதின்மூன்று வயது மூப்பு. பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னைக் கடையில் உட்காரவைத்தது அவர்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டில் அரிசி இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷ மழையில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பாலம் உடைந்து பேருந்து நின்றுபோயிருந்தது. அண்ணன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தக்கலை ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார். வழி முழுக்க, "தூங்காத மக்கா, தூங்கிராத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கழுத்தில் மழையும் வியர்வையும் சேர்ந்து ஒழுகியதும், அதில் என் கன்னம் வழுக்கியதும் இப்போதும் நினைவிருக்கிறது.

பிறகு மரக்கடை வைத்தார். இல்லாதவர்கள் வீட்டில் சாவு என்றால் சவப்பெட்டிக்குப் பலகையைச் சும்மா கொடுப்பார். ஆட்களை விடாமல் தானே நின்று அறுப்பார். அயனிமரத் தூள் புருவத்தில் அப்பியிருக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே போவார். எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லோருக்கும் சாப்பாடு போடும் நாளில் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டு, மிஞ்சியதைச் சாப்பிடுவார். இது எதுவும் வேஷம் இல்லை. வேஷமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாகப் போயிருக்கும்.

அந்தக் கையால்தான் மைனியையும் அடிப்பார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம்.

காரணம் என்று ஒன்றும் இருக்காது. கூப்பிட்டதும் வரவில்லை. கேட்டதற்கு உடனே பதில் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. அவர் குரல் உயராது, தாழும். எனக்கு அந்தத் தாழ்ந்த குரல் பழகிவிட்டது. அதைக் கேட்டதும் எழுந்து கை கழுவுவேன். "கடையப் பாக்கட்டு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவேன். படியிறங்கும்போது பின்னால் எவர்சில்வர் தட்டு விழும் சத்தம் கேட்கும். கடைக்கு வந்து ரேடியோவைப் போட்டுவிடுவேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கை கடைக்குப் பின்னால் இருந்த அறையில், சாப்பாடு அண்ணன் வீட்டில். இப்படி இருபத்திரண்டு வருடம்.

அண்ணன் இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அதுவும் கோழைத்தனம்தான். மைனியிடம் போனில் கேட்டேன். "எழுதிக்க. ஆனா என்னைய பாவம்னு எழுதாத" என்றார்.

மைனியின் கையெழுத்து

மைனி பத்தாம் வகுப்பு தேறியவர். சபையில் பெண்கள் சங்கத்துக் கூட்டக் குறிப்புகளை அவர்தான் எழுதுவார். எழுத்து அச்சுப்போல இருக்கும்.

ஒருநாள் சாப்பிட வந்தபோது என் நோட்டை வீட்டில் மறந்து விட்டுவிட்டேன். மறுநாள் போனால் மைனி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி, பேய்க்கு எல்லா இடத்திலயும் 'பெய்'னு எழுதி வச்சிருக்க. 'பெய் வந்தது, பெய் வந்தது'ன்னா, படிக்கியவன் மழையின்னுல்லா நெனப்பான்? கொடைய எடுத்துட்டு வந்துருவான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"குடு இங்க. நான் பாத்து எழுதித் தாறேன். அவியளுக்குத் தெரியாண்டாம்."

'அவிய' என்றால் அண்ணன். மைனி ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. 'அவிய வந்தாச்சா', 'அவிய சாப்பிடல்ல', அப்படித்தான்.

அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமை நோட்டைக் கொடுப்பேன். அண்ணன் மரக்கடையில் இருக்கும் பிற்பகல்களில் மைனி படி எடுப்பார். வியாழக்கிழமை நான் தபாலில் சேர்ப்பேன். சில நேரம் கருத்தும் வரும்.

"இந்தப் பேய் என்ன, சும்மா சன்னல்ல வந்து நிக்கி? ஒண்ணும் செய்யாதா?"

"பயங்காட்டும் மைனி."

"நின்னா பயம் வருமா? நீயுந்தான் தெனமும் வந்து நிக்க."

கிண்டல்தான். ஆனால் கடைக்கு நடக்கும் வழியில் அந்த வார்த்தை என்னோடு கொஞ்ச தூரம் வந்தது.

இப்போது எனக்குப் படி எடுத்துத் தர யாரும் இல்லை. கைபேசியைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிவிடுகிறது. எங்கள் பேச்சில் அழுத்தத்துக்காக வரும் 'ஆக்கும்' மட்டும் அதற்குப் புரிவதில்லை. 'அக்கம்' என்று எழுதி வைக்கிறது. போகட்டும்.

ஒரு எழுத்து

பதினோராம் அத்தியாயம் அச்சில் வந்தது. வைத்தியர் வந்தான். வைத்தியர் சிரித்தான். வைத்தியர் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

இரண்டு வாரத்தில் கடிதங்கள் வந்தன. முன்கட்டு ஆளும் பின்கட்டு ஆளும் ஒருவனே என்று ஒரே எழுத்தில் காட்டிவிட்டாராம் ஆசிரியர். சேலத்திலிருந்து ஒரு தமிழாசிரியர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மறுபடி போன் வந்தது. தொடரை இன்னும் நான்கு வாரம் நீட்ட முடியுமா என்றார்கள். நீட்டினேன்.

எல்லாப் பாராட்டையும் நானே வாங்கிக்கொண்டேன்.

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாரப் பத்திரிகையில் தம்பி கதை வருகிறது என்று இருபது பிரதி வாங்கி சபையில் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது என் தோளில் கை போட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏலே, அந்த வைத்தியரு ஆருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் நடையை நிறுத்தினேன்.

"இல்லாதவன் வீட்டுக்குச் சும்மா மருந்து குடுக்காரு, மழையில நடந்து போறாரு. எனக்குப் படிச்சதும் வெளங்கிச்சி. சவம், என்னையப் போயி கதையில எழுதியிருக்கியே" என்று செல்லமாகத் திட்டிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னது சரிதான். அது அவர்தான். பின்கட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பின்கட்டு ஆள் அவருக்கும் வேறொருவன்தான்.

மைனியிடம் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கேட்டதும் இப்படித்தான்:

"மைனி, அந்தப் பதினொண்ணுல வைத்தியர..."

"தப்பாப் போச்சா?"

"இல்ல. எல்லாரும் நல்லாருக்கு, கொள்ளாம்னுதான் சொல்லுதாவ."

"பின்ன என்ன?"

அதோடு விட்டுவிட்டேன். அந்த வீட்டில் எதையும் பாதியில் விடுவது எனக்குக் கைவந்த வேலை.

கடைசி அத்தியாயம்

முடிவை எழுதினேன். பின்கட்டில் தீப்பிடிக்கிறது. இரட்டைத் தம்பி உள்ளேயே கருகிப்போகிறான். வைத்தியர் வாசலில் நின்று அழுகிறார். ஊர் அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குப் பிறகு அந்த மலையடிவாரத்தில் ஒரு கெடுதலும் இல்லை. திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தேன்.

புதன்கிழமை போனேன். மைனி வீட்டுக்குப் பின்னால் சாளை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். பூனை ஒன்று சற்றுத் தள்ளி மரியாதையாக உட்கார்ந்திருந்தது. மேசைமேல் நோட்டு மூடியபடி இருந்தது. பக்கத்தில் வெள்ளைத் தாள்கள்.

"மைனி, எழுதியாச்சா?"

"இல்ல."

"கை வலிக்கா?"

மைனி நிமிர்ந்து பார்த்தார்.

"கை வலிச்சப்பமெல்லாம் நீ கேக்கல்ல. இப்பம் கதைக்கு வேண்டிக் கேக்க."

நான் சுவரைப் பார்த்தேன்.

"இத நான் எழுத மாட்டேன் தம்பி."

"ஏன் மைனி?"

"பின்கட்டுல உள்ளவன் செத்தா, முன்கட்டுல உள்ளவன் எப்பிடி உசிரோட இருப்பான்?"

"அவரு வேற ஆளுல்லா. ரெட்டப் பிள்ளையள்."

"எந்த ஊர்ல ரெட்ட? அது ஒரு ஆளுதான். எழுதின உனக்கும் தெரியும், படி எடுத்த எனக்கும் தெரியும். தோவாளைக்கு அங்கிட்டு பஸ்ல போவும்ப இசக்கியம்மன் செலயப் பாத்திருக்கியா? வாயில ஒரு பிள்ள, இடுப்புல ஒரு பிள்ள. கடிச்சுத் திங்கதுக்கு ஒரு செல, எடுத்து வளக்கதுக்கு ஒரு செலன்னு ரெண்டா செஞ்சு வச்சிருக்கு? ஒண்ணுல்லா வச்சிருக்கு."

"சபைக்குப் போற நாமளா இசக்கியப் பத்தி..."

"கும்பிடவா சொன்னேன்? கண்ணு இருந்தாப் பாக்கலாமே."

பூனை ஓர் அடி முன்னால் வந்தது. மைனி ஒரு மீன் தலையை அதன் பக்கம் எறிந்தார்.

"'வந்தான்'னு மாத்தினது நான்தான். மொதல்ல கை தானா எழுதிட்டு. எழுதினப்பொறவுதான் பாத்தேன். அடிச்சுத் திருத்தணும்னு தோணல்ல. இருவத்திரெண்டு வருசமா வாயத் தொறந்தா 'அவிய'ன்னுதான் வருது. ஆஸ்பத்திரில டாக்டர் எப்பிடி அடிபட்டுன்னு கேட்டா, 'அவிய கதவத் தொறந்தாவ, இடிச்சிட்டு'ன்னு மரியாதையாத்தான் சொன்னேன். தாள்லயாவது ஒரு 'அவன்' எழுதிப் பாத்தேன். நல்லா இருந்துச்சி."

மைனி மீனைக் கழுவி, தண்ணீரைத் தென்னைமூட்டில் கொட்டினார்.

"ஒண்ணு சொல்லட்டா? நீ அந்த மனுசன ரெண்டா ஆக்கினது எனக்கு வேண்டி இல்ல. உனக்கு வேண்டி. நல்லவருக்கக் கூட இருந்து சோறு திங்கணும். மத்தவன் வரும்ப கடைக்குப் போவணும். அதுக்கு உனக்கு ரெண்டு ஆளு வேணும். எனக்கு ஒரு ஆளுதான் தம்பி. அவியளுக்கக் கூடத்தான் நான் இருக்கேன்."

நான் படித்த அட்டையில்லாத புத்தகங்களில் இப்படி ஒரு வரி கிடையாது.

கடைக்குப் போகாத மதியம்

அன்றைக்கு மதியம் அண்ணன் ஒன்றரை மணிக்கு வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். சாளைக் குழம்பைப் பார்த்ததும் இன்னும் சந்தோஷம்.

"கடைசி அத்தியாயம் அனுப்பியாச்சா?"

"இல்ல அண்ணே."

"சபையில எல்லாரும் கேக்காவ. வைத்தியருக்கு ஒண்ணும் வராதுல்லா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"வைத்தியன் செத்துருவான்" என்றார் மைனி. குழம்புக் கரண்டி கையில் இருந்தது.

அண்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "என்னட்டி சொன்ன?"

"கதையச் சொன்னேன்."

"கதை உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எழுதிக் குடுக்கது நான் ஆக்கும். மொத அத்தியாயத்தில இருந்து."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மைனியைப் பார்த்தார். "ஓகோ" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது.

நான் எழுந்தேன். கால் தானாகக் கை கழுவும் இடத்துக்குப் போனது. குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். 'கடையப் பாக்கட்டு' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதில் வீரம் ஒன்றும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாசலைப் பார்த்துத்தான் திரும்பினேன். செருப்பு கண்ணில் பட்டது. அதற்குமேல் போக எனக்கு அலுப்பாக இருந்தது. பயத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்த ஒரு நிமிஷம் அது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீ போலே கடைக்கு."

"இல்ல."

"கட தொறந்துல்லா கெடக்கு?"

"கெடக்கட்டு."

நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அண்ணன் எழுந்து நின்றார். மைனி சுவரோடு நின்றார். நான் யாரையும் பார்க்கவில்லை. தட்டில் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அண்ணன் கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. வெளியே போகும்போது வாசலில் நின்றார்.

"உன்ன நான் தோள்ல தூக்கிட்டு நடந்தேன்லே."

"ஆமா அண்ணே."

அவர் போய்விட்டார். மைனி எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டே, "இன்னைக்கு இருந்த. நாளைக்கு?" என்றார்.

மறுநாளே என் பாயை அண்ணன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தேன்.

கடைசி அத்தியாயத்தை நானே எழுதினேன், பிழைகளோடு. தீ இல்லை. பின்கட்டுப் பூட்டை உடைக்கிறார்கள். உள்ளே யாரும் இல்லை. ஒரு மனிதன் வாழ்ந்த அடையாளமே இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வைத்தியர் நின்றான். அவ்வளவுதான். வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. சேலத்துத் தமிழாசிரியரும் எழுதவில்லை. அண்ணன் அதைப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்டி

அண்ணன் மகள் ஷீபா மதுரையில் நர்ஸாக வேலை பார்த்தாள். அம்மாவை வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் மைனி சொன்னார்:

"நான் ஷீபாட்டப் போறேன்."

"எப்பம் வருவ?" என்றார் அண்ணன்.

"தெரியாது."

நான் முன்னறையில் இருந்தேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. என்னால்தான் பேசவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அந்தக் கொஞ்ச நாளிலேயே அவர் தளர்ந்துபோயிருந்தார். புறப்படும் காலையில் பெட்டியை வாடகைக் காரில் தூக்கி வைத்தது அவர்தான். மைனி ஏறும்போது, "கதவுல கைய வைக்காத, நசுங்கிரும்" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். மைனி கையை எடுத்துக்கொண்டார்.

ரயில் நிலையத்தில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். காற்றில் மழை வாடை இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன்.

"மைனி, நான் முன்னாலயே..."

"ஆமா" என்றார் மைனி. "முன்னாலயே."

ரயில் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கினேன். எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்லி விடைபெற மாட்டார்கள். 'போயிட்டு வாறேன்' என்பார்கள். மைனி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போறேன் தம்பி" என்றார்.

அன்று கடை திறக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பசி வந்தது.

"ஏதாவது வைக்கணும்லா?" என்றார்.

"கஞ்சி வைப்பம் அண்ணே."

அடுக்களைக்குள் போனோம். இரண்டு பேரும் ஒன்றாக அங்கே நின்றது அதுதான் முதல் தடவை. அரிசி மூட்டை தெரிந்தது. அண்ணன் கழுவினார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். கஞ்சி கொதித்து வந்தது. அண்ணன் ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் வைத்தார். உப்பு போடவில்லை.

அலமாரியில் ஒரே அளவில் பன்னிரண்டு டப்பாக்கள் இருந்தன. எதிலும் பெயர் ஒட்டவில்லை. மைனிக்குத் தேவைப்பட்டிருக்காது. நான் ஒன்றைத் திறந்தேன். மல்லி. அண்ணன் ஒன்றைத் திறந்து, வெள்ளையாக இருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தார். சீனி. அடுத்ததில் ரவை. அதற்கடுத்தது காலி.

"உப்பு எதுலலே?" என்றார் அண்ணன், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு.

"தெரியாது அண்ணே" என்றேன்.